பையில் ஒரு கரண்டி

இந்தக் கதையில் வருகிறவளை அக்கா என்றே சொல்லிவிடுவோம். அவளும் அதைத்தான் கேட்டாள். கல்லூரியில் சேர்ந்த அன்றைக்கே வகுப்பில் எழுந்து நின்று, "என்னை எல்லாரும் அக்கான்னே கூப்பிடுங்க, போதும்" என்றாள். வகுப்பு மொத்தமும் பவ்யமாகத் தலையாட்டியது. மறுநாள் காலையிலிருந்து அவளை "அம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தது. அன்றைக்கு ஏறிய எரிச்சல் அந்த வருஷம் முழுவதும் இறங்கவே இல்லை.

அம்மா என்று கூப்பிட அவளுக்கு வீட்டிலேயே ஆள் இருந்தது. பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷத்தில் இருந்த மகன் பேனாவைக் காணோம் என்றாலும் அம்மா என்பான், பேனா கிடைத்துவிட்டது என்றாலும் அம்மா என்பான். வேன் ஓட்டுகிற கணவர்கூட சில நேரம் வாய்தவறி அப்படிக் கூப்பிடுவார். கல்லூரி வாசலைத் தாண்டிவிட்டால் சாயங்காலம் வரைக்கும் அந்தச் சத்தம் காதில் விழாது என்று நம்பித்தான் வந்தாள். வந்த இடத்தில் ஒரு வகுப்பே அவளைத் தாயாக்கிவிட்டது.

அக்கா ஆயத்த ஆடைக் கம்பெனியில் வருஷக்கணக்காகக் காலர் தைத்தவள். சட்டையின் மற்ற பாகங்கள் எங்கிருந்து வருகின்றன என்று அவளுக்குத் தெரியாது. காலர் மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தைத்துக் கொடுப்பாள். ஒரு நாள் கம்பெனி கதவைச் சாத்திக்கொண்டது. வேலை போனவர்களின் வாயை அடைக்க ஒரு சலுகை அறிவித்தார்கள். யாருக்காவது கல்லூரியில் இடம் கிடைத்தால் அவர்களுக்குக் கட்டணம் கிடையாது. மற்ற பெண்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அடுத்த கம்பெனியைத் தேடிப் போனார்கள். அக்கா சிரிக்கவில்லை. அலைந்து திரிந்து காகிதங்களைச் சேர்த்து, இரண்டு வாரம் தாமதமாக, கணக்கியல் படிப்பில் போய் உட்கார்ந்தாள். ஏன் கணக்கியல் என்று கேட்டால் அவளிடம் இருந்தது ஒரே காரணம்தான். கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தவர்களின் நாற்காலிக்கு மட்டும்தான் முதுகு இருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் ஸ்டூல்.

சலுகையில் ஒரு கொக்கியும் இருந்தது. ஒரே பாடத்தில் இரண்டு தடவை தோற்றால் சலுகை ரத்து. அப்புறம் முழுக் கட்டணத்தையும் கட்ட வேண்டும். வேன் வருமானத்தில் அது நடக்கிற காரியமில்லை. அக்கா அரையாண்டுத் தேர்வில் புள்ளியியலில் கோட்டை விட்டுவிட்டாள். மிச்சம் இருந்தது ஆண்டுத் தேர்வு. அதிலும் போனால் மறுபடியும் ஸ்டூல்தான்.

அவளுக்குக் கணக்கு வராமல் இல்லை. புள்ளியியல் வகுப்பு மதியச் சாப்பாடு முடிந்த கையோடு வந்தது, அதுதான் வினை. எடுத்தவர் தாலாட்டு சார். அவருக்கு வேறு பேர் இருந்திருக்க வேண்டும், ஆனால் அதை நினைவு வைத்திருப்பவர்கள் கல்லூரியில் யாரும் இல்லை. மெல்லிய குரல், ஒரே சுதி, நடுநடுவே கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம். வயிறு நிறைய சாப்பிட்டுவிட்டு வந்தவர்களுக்கு அவர் குரலில் தூக்கம் வந்தது. அக்காவுக்கு வந்தது தூக்கமல்ல. வயிறு காலியாகக் கிடந்ததால் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கரும்பலகையில் அவர் போட்ட எண்கள் எறும்பு மாதிரி ஊர்ந்து ஓரத்துக்குப் போய்விடும். அவள் அவற்றைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிடும்.

சாப்பாட்டு டப்பாவோடு வருகிறவளுக்கு ஏன் வயிறு காலி? அங்கேதான் அவள் வயிற்றெரிச்சல் முழுவதும் இருந்தது.

காலையில் அவள் அடுப்பைப் பற்ற வைத்து, வீட்டு ஆண்கள் இருவருக்கும் கட்டிக் கொடுத்து, தன் டப்பாவையும் நிரப்பி, ஒரு டம்ளர் தேநீரை நின்றபடியே ஊற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். இரவில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருப்பதை அடுப்படியிலேயே வழித்துப் போட்டுக்கொள்வாள். அதை அவள் ஒரு குறையாக நினைத்ததில்லை. அதைப் பற்றி நினைத்ததே இல்லை என்பதுதான் சரி. ஆக, உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிடுகிற ஒரே வேளை மதியம்தான்.

கல்லூரி உணவகத்தில் முழுச் சாப்பாடு வாங்குகிறவர்கள் ஒரு ரகம், அதன் வாசனையை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இன்னொரு ரகம். அக்கா இரண்டாவது ரகம். உணவகத்து வாசலில் 'வெளி உணவுடன் அமரக் கூடாது' என்று பலகை வேறு. வெந்நீர்க் குழாய் மட்டும் இலவசம், அதுவும் முதலாளி வேறு பக்கம் பார்க்கும்போது. அதனால் டப்பாக்காரர்கள் எல்லாம் மரத்தடி, மாடிப்படி, சைக்கிள் கொட்டகை என்று சிதறிப் போவார்கள். அக்கா கண்டுபிடித்தது பழைய விளையாட்டு அறை. அங்கே வலை இல்லாத ஒரு டேபிள் டென்னிஸ் மேஜை சும்மா கிடந்தது.

டப்பாவில் இருந்ததைக் குறை சொல்ல முடியாது. கையில் காசு குறைவாக இருந்தாலும் அக்காவுக்கு வாங்கத் தெரியும். சந்தை மூடுகிற நேரத்தில் போய் அடிபட்ட தக்காளியையும் கீறல் விழுந்த முட்டையையும் கடைக்காரர் தலையில் கைவைக்கிற விலைக்கு வாங்கி வருவாள். சோறு, அதன் மேல் பருப்பு, ஓரத்தில் வதக்கின முட்டைக்கோஸ், நடுவில் ஒரு அவித்த முட்டை. மூடியைத் திறந்தால் உணவகத்தில் காசு கொடுத்து வாங்கினவனும் எட்டிப் பார்ப்பான். நோட்டு, கால்குலேட்டர், டப்பா, தண்ணீர் பாட்டில், ஒரு கரண்டி, எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு வந்து, அந்த மேஜையில் முதல் நாள் நிம்மதியாகக் கடை விரித்தாள்.

அதே வகுப்பில் படிக்கிற மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள்.

முதலில் வந்தவள் மைக். ரகசியம் சொன்னாலும் பக்கத்துக் கட்டடம் வரைக்கும் கேட்கும், அதனால் அந்தப் பேர். அடுத்தது கொக்கு, உட்காரும்போது எந்தக் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடுகிற நெட்டைப் பையன். மூன்றாவது குடை. வெயிலோ மழையோ, கையில் குடை இல்லாமல் அந்தப் பெண்ணை யாரும் பார்த்ததில்லை. வாயைத் திறந்தும் பார்த்ததில்லை. மூவரும் கையில் சில்லறை இல்லாத பிள்ளைகள் என்பது செருப்பைப் பார்த்தாலே தெரிந்தது. மேஜையில் மூன்று டப்பா மூடிகள் கிடந்தன. கொஞ்ச நேரத்தில் மூன்றும் நிறைந்தன. அக்கா தன் டப்பாவைப் பார்த்தபோது அதில் நாலு வாய்ச் சோறும் முட்டையின் வெள்ளையில் ஒரு துண்டும் இருந்தது.

சரி, முதல் நாள், பிள்ளைகள் பசியாக இருந்திருக்கும் என்று விட்டுவிட்டாள். இரண்டாம் நாளும் அதே கதை. ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது, பிறகு அது சட்டமாகிவிட்டது. மைக் வந்து "அம்மா, இன்னிக்கு என்ன?" என்று முழங்குவாள். அக்காவின் வயிறு அந்தக் குரலிலேயே சுருங்கிவிடும்.

"பெத்த பிள்ளைக்குக்கூட நான் இவ்வளவு போட்டதில்ல" என்று வீட்டில் கணவரிடம் பொருமினாள். "மூணும் மூணு திசையிலேருந்து வந்து நிக்குதுங்க. வாய் கூசாதா? ஒரு நாளாவது நீங்க சாப்பிட்டீங்களான்னு ஒரு வார்த்தை?"

"நீ கொஞ்சம் பெரிய டப்பாவா கொண்டு போயேன்" என்றார் அவர், பேப்பரைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

பெரிய டப்பா வாங்கினாள். மூடிகளில் குவியல் பெரிதானது, அவ்வளவுதான். அவள் பங்கு அதே நாலு வாய். வீட்டில் அரிசி சீக்கிரம் தீர்ந்து, யோசனை சொன்ன அதே மனிதர் "என்ன இது, அரிசி எங்க போகுது?" என்று கேட்டபோது, அக்கா பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

பிறகு நேரத்தை மாற்றிப் பார்த்தாள். காலை இடைவேளையிலேயே பெண்கள் ஓய்வறைக்குப் போய் யாருக்கும் தெரியாமல் சாப்பிட்டுவிடுவது என்று திட்டம். அங்கே பெஞ்சில் முன்பின் தெரியாத ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். "காலையில ஏதாவது சாப்பிட்டியா?" என்று அக்கா கேட்டாள். அந்தப் பெண் இல்லை என்று தலையை ஆட்டினாள். அதோடு அந்தத் திட்டம் முடிந்தது. மதியம் மிச்சத்தோடு மேஜைக்குப் போனால் மூன்று மூடிகளும் அங்கே காத்திருந்தன.

உணவகத்திலும் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தாள். இருக்கிறதிலேயே மலிவான சூப்பும் ரொட்டியும் வாங்கினாள். முதல் கரண்டி வாய்க்குப் போகவில்லை, அதற்குள் கண்ணாடிக்கு வெளியே கொக்கின் முகம். பின்னாலேயே குடை. பக்கத்தில் மைக், "அம்மா இங்க இருக்காங்கடா!" என்று ஊருக்கே அறிவித்தபடி. காணாமல் போன பசுவைக் கண்டுபிடித்த மாதிரி மூன்று பேர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். உள்ளே வந்து சுற்றி நின்றார்கள். ரொட்டி எப்படி நாலாகப் பிய்ந்தது என்று அக்காவுக்கே தெரியாது.

கடைசியாக அவள் போட்ட திட்டம் பாகற்காய். உப்புப் போடாமல், எண்ணெய் காட்டாமல், வெறும் தண்ணீரில் வேக வைத்த பாகற்காய். மனுஷப் பிறவி யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். தனக்கும் பிடிக்காதுதான், ஆனாலும் வயிறு நிறையுமே. மூடிகளில் பச்சையாகக் குவிந்த அந்தப் பண்டத்தை மூன்று பேரும் பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு கொக்கு கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் போட்டான். மைக் முதல் தடவையாகப் பேசாமல் மென்றாள். குடையின் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் மூடியில் ஒரு துண்டு மிச்சமில்லை.

"நல்லா இருந்துச்சும்மா" என்றான் கொக்கு, தொண்டை அடைக்க.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். இதையுமா தின்பார்கள்? இவர்கள் என்ன பிறவி? கல்லைப் போட்டாலும் நல்லா இருக்குதும்மா என்பார்கள் போலிருக்கிறதே!

ஆண்டுத் தேர்வு நெருங்கியது. தாலாட்டு சார் ஒரு மாதிரித் தேர்வு வைத்தார். அன்றைக்கும் டப்பா நாலு வாய்தான். பாதித் தாளில் அக்காவின் பேனா நின்றுவிட்டது. கேள்வியை ஒரு தடவை படித்தாள், திரும்பவும் படித்தாள், மூன்றாவது தடவை அது எந்த மொழியில் இருக்கிறது என்றே சந்தேகம் வந்தது. மேஜையில் தலையைச் சாய்த்தவள் மணி அடித்தபோதுதான் நிமிர்ந்தாள். ஒரு நாள் சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் விடைத்தாள் திரும்பி வந்தபோது சார் அவளைத் தனியாக நிறுத்தி, அதே தாலாட்டுக் குரலில் சொன்னார்:

"எழுதின வரைக்கும் எல்லாம் சரியா இருக்கும்மா. பாதியில தூங்கிடறீங்க. வீட்டுல வேலை அதிகமா? இப்படியே போனா ஆண்டுத் தேர்வுல கஷ்டம்."

இவரும் அம்மா! அக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து மூக்கை அடைத்தது. தெரியாததால் தோற்றால் ஒரு நியாயம் இருக்கிறது. மூன்று தடிப் பிள்ளைகள் சோற்றைத் தின்றுவிட்டதால் தோற்றால், அதை எந்த முகத்தை வைத்துக்கொண்டு யாரிடம் சொல்வது? மறுபடியும் முதுகில்லாத ஸ்டூலில் உட்கார்ந்து காலர் தைக்க வேண்டியதுதானா? விடைத்தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, விறுவிறுவென்று விளையாட்டு அறைக்கு நடந்தாள். அங்கே மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா, இன்னிக்கு…" என்று மைக் ஆரம்பித்தாள்.

"வாயை மூடு!" என்றாள் அக்கா. அந்தச் சத்தத்துக்கு முன்னால் மைக்கெல்லாம் ஒன்றுமே இல்லை. "நான் உங்க யாருக்கும் அம்மா இல்ல. என்னைப் பட்டினி போட்டே கொன்னுடுவீங்க போலிருக்கே! காலையில வெறும் டீத்தண்ணி. மத்தியானம் இது ஒரு வேளைச் சோறு. அதையும் நாளு தவறாம மூணு பேரும் வழிச்சுத் தின்னுட்டுப் போறீங்க. நான் கண்ணு இருட்டி அங்க போய் விழறேன். இந்தத் தடவை பெயிலானா எனக்குக் காலேஜே கிடையாது, தெரியுமா? உங்களுக்கென்ன, வேற எவளாவது ஏமாந்தவ கிடைப்பா!"

கொக்கு தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். மைக்கின் உதடு துடித்தது. அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். இத்தனை நாள் அடக்கி வைத்ததைக் கொட்டியதில் நெஞ்சு லேசாகி, ஒரு நொடி, இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது.

பேசியது குடை. அவள் பேசி அக்கா கேட்டது அதுதான் முதல் தடவை.

"நாங்க எப்ப கேட்டோம்?"

"என்ன?"

"நாங்க கேட்டதே இல்ல. நீங்கதான் போடறீங்க."

"நான் போடறேனா? டப்பா மூடியைத் திறந்து வெச்சுக்கிட்டு உட்கார்றது யாரு?"

"எங்க சாப்பாட்டைச் சாப்பிடறதுக்குத்தான் திறக்கறோம்" என்றாள் குடை. தன் டப்பாவை அக்காவின் பக்கம் திருப்பிக் காட்டினாள். உள்ளே வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டுகள் தொடாமல் இருந்தன. "சாப்பிட ஆரம்பிக்கறதுக்குள்ள மூடியில சோறு விழுந்துடும். வேண்டாம்னா உங்க முகம் வாடிப் போயிடும். முதல் நாள் இவன் வேண்டாம்னான். நீங்க 'ஏன், பிடிக்கலையா?'ன்னு கேட்டீங்க. அதுக்கப்புறம் யாரும் வேண்டாம்னு சொல்லல."

"பாகற்காய் அன்னிக்கு" என்றான் கொக்கு மெதுவாக, "நான் பின்னால போய் வாந்தி எடுத்தேன்."

"அப்புறம் எதுக்குடா தின்னே?"

"நீங்க அவ்வளவு ஆசையாப் போட்டீங்களே!"

மைக்குக்கு இப்போது குரல் திரும்பிவிட்டது. "எங்க வீட்டுலேருந்து கொண்டு வர்ற சாப்பாட்டை நான் பஸ்ஸுலதான் சாப்பிடறேன், தெரியுமா? திருப்பிக் கொண்டு போனா எங்க அண்ணி சண்டைக்கு வருவாங்க. ரெண்டு சாப்பாடு சாப்பிட்டு சாப்பிட்டு எனக்கு சுடிதாரே பத்தல. இன்னொண்ணும் சொல்லிடறேன். இது எங்க மேஜை. நீங்க வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாலேருந்து இங்கதான் உட்கார்றோம். நீங்க வந்து உட்கார்ந்தீங்க. பாவம், தனியா இருக்காங்கன்னு நாங்களும் எழுந்து போகல. அன்னிக்கு உணவகத்துல இருந்தப்ப உடம்பு சரியில்லையோன்னு தேடிக்கிட்டு வந்தோம்!"

"பொய்" என்றாள் அக்கா. ஆனால் குரலில் முன்பிருந்த வேகம் இல்லை.

"சரி, பார்த்துடலாம்" என்றான் கொக்கு. "இன்னிக்கு நாங்க யாரும் எதுவும் கேட்க மாட்டோம். பேசக்கூட மாட்டோம். அவங்கவங்க டப்பா, அவங்கவங்க சாப்பாடு."

உட்கார்ந்தார்கள். மூன்று பேரும் தங்கள் தங்கள் ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் எடுத்துத் தலையைக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். அக்காவும் விறைப்பாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். இன்றைக்கு ஒரு பருக்கை கொடுக்கப்போவதில்லை. கொக்கின் டப்பாவில் அவித்த உருளைக்கிழங்கு மட்டும் இருந்தது கண்ணில் பட்டது. தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாமல் வெறும் கிழங்கை எப்படி விழுங்குகிறான், விக்கிக்கொள்ளாதா என்று நினைத்தாள்.

யாரோ இருமினார்கள். மைக்தான். அக்கா நிமிர்ந்தாள். மூன்று பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மேஜையின் நடுவில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவும் பார்த்தாள். தன் கைதான். கையில் கரண்டி, கரண்டி நிறைய பருப்புச் சோறு. கொக்கின் மூடிக்கு நேர் மேலே நின்றிருந்தது.

"தனக்கு மட்டும் சாப்பாடு கொண்டு வர்றவங்க" என்று மைக் கேட்டாள், அவளுக்கு வரக்கூடிய மிக மெல்லிய குரலில், "பையில கரண்டி கொண்டு வருவாங்களா?"

அக்கா கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுச் சமையலறைக் கரண்டி. பிடி வளைந்து, விளிம்பு தேய்ந்தது. அதைப் பையில் வைக்கச் சொல்லி யாரும் சொன்னதில்லை. காலையில் நோட்டை வைக்கிற மாதிரி, கால்குலேட்டரை வைக்கிற மாதிரி, தினமும் அவள் கை எடுத்து வைத்திருக்கிறது. இந்த நான்கு பேரில் அவளைப் பட்டினி போட்டவள் யார் என்பது இப்போது தெரிந்துவிட்டது. அவளைத் திட்டித் தீர்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அக்காவுக்கு வந்த கோபத்துக்குப் போக இடமில்லாமல் முகம் சிவந்தது.

"என்னை அக்கான்னு கூப்பிடுங்கன்னு முதல் நாளே சொன்னேன்ல?" என்றாள் கடைசியில்.

"சொன்னீங்க" என்றாள் மைக். "சொல்லிட்டு அம்மா மாதிரி பரிமாறினா, நாங்க எப்படித்தான் கூப்பிடறது?"

கரண்டி அன்றைக்கே பறிமுதல் ஆனது. குடை அதை வாங்கித் தன் குடைக்குள் செருகிக்கொண்டாள். தேர்வு முடிந்த பிறகுதான் திரும்பக் கொடுப்பதாக ஒப்பந்தம். கரண்டி போனதும் கையும் அடங்கிவிடும் என்று நினைத்தவர்களுக்கு அக்காவைத் தெரியாது. டப்பாவையே கவிழ்க்கப் பார்த்தாள். முட்டையைப் பிட்டு உருட்டி விட்டாள். பிறகு மூன்று பேரும் தங்கள் மூடிகளைப் பைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டார்கள். அவர்கள் வெறும் ரொட்டியை மெல்வதைப் பார்த்துக்கொண்டே பருப்புச் சோற்றை விழுங்குவது அவளுக்குப் பெரிய சித்திரவதையாக இருந்தது. "மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாவது தின்னுங்களேன்" என்று எரிந்து விழுந்தாள். அவர்களும் திருப்பிக்கொண்டார்கள். மூன்று முதுகுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, யாரையோ பழிவாங்குகிற மாதிரி, டப்பா முழுவதையும் காலி செய்தாள்.

அன்று மதியம் எண்கள் கரும்பலகையிலேயே இருந்தன. எழுதிய இடத்திலேயே நின்றன. முழு வருஷத்தில் முதல் தடவையாகத் தாலாட்டு சாரின் வகுப்பைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் கேட்டாள். பெரிய சுவாரசியம் ஒன்றும் இல்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஒரு வீட்டுல சராசரியா எல்லாரும் நல்லா சாப்பிடறாங்கன்னு கணக்கு வந்தா, ஒவ்வொருத்தரும் நல்லா சாப்பிடறாங்கன்னு அர்த்தம் இல்ல" என்றார் சார், கண்ணை மூடிக்கொண்டு. பின் வரிசையிலிருந்து மைக் களுக்கென்று சிரித்தாள். அக்கா திரும்பிப் பார்த்து முறைத்தாள்.

ஆண்டுத் தேர்வுக்கு முன்னால் மூவரும் அவளைக் காவல் காத்தார்கள். தேர்வன்று கொக்கு வீட்டிலிருந்து இரண்டு அவித்த முட்டை கொண்டுவந்து, "தின்னுட்டுத்தான் உள்ள போகணும்" என்று வாசலில் மறித்துக்கொண்டு நின்றான். ஒன்று போதும், மற்றதை நீ தின்னு என்று அக்கா ஆரம்பிப்பதற்குள் குடை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முடிவு வந்தது. புள்ளியியலில் தேர்ச்சி. கூட்டிக் கழித்துப் பார்த்தால் தாராளமாகவே தேர்ச்சி. குடை சொன்ன சொல் தவறாமல் கரண்டியைத் திருப்பிக் கொடுத்தாள். "வீட்டோட வெச்சுக்கோங்கக்கா" என்றாள். அக்கா என்று அவள் சொன்னதைக் கவனித்தவள், கவனிக்காத மாதிரி கரண்டியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

வீட்டில் கணவரும் மகனும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். காலையில் சமைத்து வைத்ததைச் சூடு பண்ணி இறக்கினாள். "பாஸாயிட்டேன்" என்றாள். கணவர் முகம் மலர்ந்தது, பொய் சொல்லக் கூடாது. "அப்படிப் போடு! நான்தான் சொன்னேனே" என்றார். அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. மகன் "சூப்பர்ம்மா" என்றான். பிறகு இருவரும் மேஜையில் உட்கார்ந்து, காலித் தட்டுகளை முன்னால் வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

விளையாட்டு அறையில் கிடந்த மூன்று மூடிகள் அவளுக்கு நினைவுக்கு வந்தன. அந்தப் பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. இவர்களையும் முழுதாகச் சொல்ல முடியாது. அதை நினைக்க நினைக்கத்தான் இன்னும் எரிச்சலாக வந்தது.

அக்கா அலமாரியிலிருந்து மூன்றாவது தட்டை எடுத்தாள். சோறு போட்டாள். பருப்பு ஊற்றினாள். சட்டியில் மேலாக மிதந்த முட்டையில் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டாள். தட்டோடு வந்து, முதுகு வைத்த நாற்காலியில், இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

"உடம்புக்கு ஏதாவது?" என்றார் கணவர் பதறிப்போய்.

"ஒண்ணும் இல்லையே. பசிக்குது."

"எனக்கு யாரும்மா போடறது?" என்றான் மகன்.

"கரண்டி அங்கதான் இருக்கு."

மகன் எழுந்து போனான். எவ்வளவு எடுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. இதுவரைக்கும் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வந்ததில்லை. தட்டு நிறையக் குவித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். கடைசியாகப் போன கணவர் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். கரண்டியால் அடியைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது.

"என்ன இது, அடியில கொஞ்சம்தான் இருக்கு. எனக்கு இவ்வளவுதானா?"

"நல்லாத்தான் இருக்கும், சாப்பிடுங்க" என்றாள் அக்கா. "கல்யாணம் ஆனதிலேருந்து நான் அதைத்தானே சாப்பிடறேன்."

அவர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். மகன் தன் தட்டைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், வாயில் இருந்ததை மெல்ல மறந்து உட்கார்ந்திருந்தான்.

அக்காவின் வலது கை தன் தட்டிலிருந்த முட்டையைப் பிட்டு, அவர் தட்டு இருந்த பக்கம் தானாகவே நகர ஆரம்பித்தது. இடது கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, முட்டையைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.